உதவித்தொகைத் தேர்வு முதல் வங்கிக் கணக்கு வரை: ராமநாதபுரம் கடலோரப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, உதவித்தொகைத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். தேர்ச்சிப் பட்டியலில் பெயர் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது. பட்டியலில் பெயர் இருந்தும் நான்கு ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூட வாங்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சறுக்கிய இடம் தேர்வு அறை அல்ல. சான்றிதழ், வங்கிக் கணக்கு, பள்ளி மாற்றம் ஆகிய மூன்றில் ஒன்று. அதனால்தான் இந்த வழிகாட்டியில் தேர்வுக்குக் குறைந்த இடமும் மற்றவற்றுக்குக் கூடுதல் இடமும் இருக்கின்றன. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதை நம்பியே நிற்கிறது.

1. எந்தத் தேர்வு உங்கள் பிள்ளைக்கு?

முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: வகுப்பு, பள்ளியின் வகை, பள்ளி இருக்கும் இடம். பிள்ளையின் மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.

எட்டாம் வகுப்புக்கு என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50. வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000. பள்ளிப் பருவத்தில் கிடைக்கும் உதவிகளில் எளிய குடும்பத்துக்கு இதுவே பெரியது என்பதால் இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் இதையே சுற்றி வருகிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பள்ளிகளில் இதை ‘ட்ரஸ்ட்’ என்பார்கள். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான். வருமான வரம்பு 1,00,000. நம் மாவட்டத்தில் அதிகம் தவறுகிற இடம் இதுதான்: நகராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் படித்தால் எழுத முடியாது. ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் நான்கும் நகராட்சிகள். தங்கச்சிமடத்தில் வீடு இருந்தும் ராமேஸ்வரத்தில் படிக்கும் பிள்ளைக்கு வாய்ப்பில்லை. பாம்பன் ஊராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உண்டு. கணக்கில் வருவது பள்ளி இருக்கும் இடம். வீடு இருக்கும் இடம் அல்ல.

பதினொன்றாம் வகுப்புக்கு 2022 முதல் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடமே பாடத்திட்டம். 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். தேர்ந்தெடுக்கப்படுவோரில் பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. தனியார் பள்ளி மாணவர்களும் எழுதலாம். தமிழை விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தேர்வு வேறில்லை என்பேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. 500 மாணவர், 500 மாணவியர். பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 2023இல் பதினொன்றாம் வகுப்பினருக்கு நடத்தினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பில் எந்த வகுப்பு என்பதை முதலில் படியுங்கள்.

என்.டி.எஸ்.இ. (தேசியத் திறன் தேடல் தேர்வு) என்ற பெயரில் வழிகாட்டிப் புத்தகம் விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்தத் தேர்வு 2021இல் நிறுத்திவைக்கப்பட்டது.

2. ஆவணங்களை மீன்பிடித் தடைக்காலத்தில் முடியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளிக்கும் கோடை விடுமுறை. தந்தையும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பது அப்போதுதான். இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலகம், வங்கி, ஆதார் மையம் நான்கையும் இந்த இடைவெளியில் முடித்துவிட வேண்டும்.

காரணம் எளியது. என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வருகிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளி விடுமுறை, மின்வெட்டு, இணையம் முடக்கம் எல்லாம் சேர்ந்தே வரும். அந்த வாரத்தில் வருமானச் சான்றுக்கு அலைவது வீண் பாடு. வருமானச் சான்று ஓர் ஆண்டுக்குச் செல்லும் என்பதால் மே மாதம் வாங்கியது அந்த விண்ணப்பத்துக்குப் போதும்.

நாட்டுப்படகில் தொழில் செய்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவர்கள் கோடை விடுமுறையில் கடலுக்குப் போகாத ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

தந்தை வளைகுடா நாட்டில் இருந்தாலும், இலங்கைச் சிறையில் இருந்தாலும், அவர் திரும்பி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடும்ப அட்டையையும் ஆதாரையும் வைத்துத் தாய் விண்ணப்பிக்கலாம். தந்தை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணமும் குடும்ப வருமானம் என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

3. பெயரை ஒரே எழுத்தில் கொண்டுவாருங்கள்

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். பிழையான பெயரில் வாங்கிய சான்றிதழை மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும்.

ஆதார், பள்ளியின் எமிஸ் பதிவு (கல்வித்துறையின் இணைய மாணவர் பதிவேடு), வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தமிழில் ஒரே பெயர்தான் இருக்கும்; ஆங்கிலத்தில் மூன்று விதமாக இருக்கும். ஆதாரில் அந்தோணி, பள்ளியில் ஆண்டனி. ஓரிடத்தில் முகமது, இன்னோரிடத்தில் முகம்மது. ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், மற்றதில் பின்னால், மூன்றாவதில் தந்தையின் முழுப்பெயர். ஞானஸ்நானப் பெயரை ஆதாரிலும் வீட்டில் அழைக்கும் பெயரைப் பள்ளியிலும் கொடுத்த குடும்பங்களும் உண்டு. நமக்கு இது சின்ன விஷயம். கணினிக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரை அதன்படி திருத்துங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் ஆதார் நகலைக் கொடுத்து எமிஸில் திருத்தச் சொல்லுங்கள். வங்கி கடைசியில். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போன பிறகு பெயர் மாற்றுவது பெரும் வேலை. எட்டாம் வகுப்பிலேயே செய்தால் ஆசிரியரின் கையிலேயே முடிந்துவிடும்.

ஆதார் மையத்துக்குப் போகும்போது இன்னொன்றையும் பாருங்கள்: பிள்ளையின் ஆதாரோடு யாருடைய கைபேசி எண் இணைந்திருக்கிறது? தந்தையின் எண் என்றால், விண்ணப்பம் போடும் நேரத்தில் ஓ.டி.பி. நடுக்கடலுக்குப் போகும், கரையில் எல்லோரும் கைபிசைந்து நிற்பார்கள். தாயின் எண்ணை இணையுங்கள். அந்த எண்ணை நான்கு ஆண்டுகளுக்கு மாற்றாதீர்கள்; ரீசார்ஜ் செய்யாமல் காலாவதியாகவும் விடாதீர்கள். பிள்ளைக்கு 15 வயது முடிந்ததும் கைரேகை, கண்விழிப் பதிவை ஆதாரில் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அது பத்தாம் வகுப்பில் வரும்.

4. வருமானச் சான்று, சாதிச் சான்று

இரண்டையும் இ-சேவை மையத்தில் ஒரே நாளில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றைத்தான் மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும்.

விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஒப்புகைச் சீட்டோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பாருங்கள். விசாரணைக்கு ஆள் வரவில்லை என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

பங்குத் தொழிலில் மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் டீசலுக்கே கடன். அதனால் கணினியில் தட்டச்சு செய்பவர் தன் வழக்கப்படி ஓர் எண்ணைப் போட்டுவிடுவார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஓர் ஆண்டின் சராசரியை வீட்டிலேயே கணக்கிட்டு, தாய் பாசி எடுத்தோ மீன் விற்றோ சம்பாதிப்பதையும் சேர்த்து, உண்மையான தொகையைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ட்ரஸ்ட் தேர்வின் வரம்பு 1,00,000 என்பதால் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட 1,20,000, தகுதியுள்ள பிள்ளையை வெளியே தள்ளிவிடும். குறைத்துப் போடுவதும் ஆபத்துதான்: படகு உரிமையாளரின் பிள்ளை கூலி மீனவர் வருமானத்தைக் காட்டினால், ஊரே அறிந்த பொய்யை அலுவலர் அறியாமல் இருக்கமாட்டார்.

5. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு

பணம் பிள்ளையின் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இருந்தால் மட்டும் போதாது. அது பிள்ளையின் ஆதாரோடு நேரடிப் பணப்பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய குழப்பம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்து கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சரிபார்ப்பை முடிப்பது வேறு. அரசின் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பில் பதிவு செய்வது (ஆதார் சீடிங்) வேறு. ‘ஆதார் கொடுத்துவிட்டோமே’ என்று சொல்பவர்களில் பலர் முதலாவதை மட்டும் செய்தவர்கள். வங்கியில் ‘உதவித்தொகை வர வேண்டும், ஆதார் சீடிங் செய்யுங்கள்’ என்று கேட்டு, அதற்கான தனிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சில நாட்கள் கழித்து ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற பகுதியில் வங்கியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு கணக்குகள் இருந்தால், கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் ஒரு வங்கி முகாம் நடத்தி எல்லோருக்கும் கணக்குத் தொடங்கிய பிறகு, பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு ‘பணம் வரவில்லை’ என்று வருந்துவோர் உண்டு. பணம் புதிய கணக்கில் இருக்கும்.

வங்கிக் கிளை தூரமாக இருக்கும் ஊர்களில் அஞ்சலக வங்கிக் கணக்கு நல்லது; தபால்காரரிடமே தொடங்கலாம். எந்தக் கணக்கானாலும் இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாவிட்டால் முடங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாய் போட்டு எடுங்கள்.

6. விண்ணப்பம்

என்.எம்.எம்.எஸ். விண்ணப்பத்தைப் பெற்றோர் நேரடியாக அனுப்ப முடியாது. படிவத்தை நிரப்பி 50 ரூபாய் கட்டணத்தோடு தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அவர் அரசுத் தேர்வுகள் இயக்கக இணையதளத்தில் பதிவேற்றுவார். ட்ரஸ்ட் தேர்வுக்கும் வழி இதுதான், கட்டணம்தான் வேறு.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். பதிவேற்றிய பிறகு அச்சுப்படியைக் கேட்டு வாங்கி, பெயர், பிறந்த தேதி, சாதிப் பிரிவு மூன்றையும் சரிபாருங்கள். இட ஒதுக்கீட்டின்படியே தேர்வுப் பட்டியல் தயாராகிறது. பிரிவு தவறாகப் பதிவானால் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையும் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம்.

7. தேர்வுக்குத் தயாராவது

என்.எம்.எம்.எஸ். தேர்வில் இரண்டு தாள்கள், ஒரே நாளில். மனத்திறன் தேர்வு 90 கேள்விகள், 90 நிமிடம். படிப்பறிவுத் தேர்வும் 90 கேள்விகள், 90 நிமிடம். இரண்டும் சேர்ந்து 40 சதவீதம், அதாவது 180க்கு 72 எடுத்தால்தான் தகுதி. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 32 சதவீதம். தகுதி பெற்ற எல்லோருக்கும் பணம் இல்லை. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். ஆகவே 72ஐ இலக்காக வைக்காதீர்கள்.

படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. பிள்ளைகள் நேரத்தை எல்லாம் கணக்கில் செலவழிக்கிறார்கள். சமூக அறிவியலை ‘கடைசியில் படித்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது புரியும். ஏழாம் வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்வி வரும். அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள்.

மனத்திறன் தாளுக்குப் புதிய பாடம் எதுவும் இல்லை, பழக்கம்தான் வேண்டும். 4, 9, 19, 39 என்று ஒரு தொடர் வந்தால், அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டை முதலில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்: 5, 10, 20. ஒவ்வொன்றும் இரட்டிப்பாகிறது, அடுத்த வேறுபாடு 40, விடை 79. எண் தொடர், குறியீட்டு மொழி, கண்ணாடிப் பிம்பம், வெண்படம் என்று வகைவகையாகப் பழக்கினால், கேள்வியைப் பார்த்ததும் எந்த வகை என்று பிள்ளை கண்டுகொள்ளும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். கடிகாரம் வைக்காமல் வீட்டில் எழுதிப் பார்ப்பதில் பயன் குறைவு.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எனவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட வேண்டாம்.

8. தேர்வு நாள்

விடைத்தாளில் வட்டங்களை நிரப்புவதை முன்பே பழக்குங்கள். கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. ஒரு கேள்வியைத் தாண்டிப் போகும் பிள்ளை விடைத்தாளிலும் அந்த வரிசையைத் தாண்ட மறந்துவிடும். அதன்பின் எழுதிய அனைத்தும் ஒரு வரிசை பிசகும். பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணை ஒத்துப்பார்க்கும் வழக்கம் இதைத் தடுக்கும்.

நுழைவுச் சீட்டின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். அந்தப் பதிவெண் இல்லாமல் முடிவைப் பார்க்க முடியாது.

9. முடிவு வந்ததும்: பள்ளி மாறும் பிள்ளைகள்

கடலோரச் சிற்றூர்கள் பலவற்றில் நடுநிலைப் பள்ளி மட்டுமே இருக்கிறது. பிள்ளை எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதுகிறது, ஜூனில் வேறு ஊரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறது. பழைய பள்ளி தன் வேலை முடிந்தது என்று நினைக்கும். புதிய பள்ளிக்கு இந்தப் பிள்ளை வென்றதே தெரியாது. நடுவில் 48,000 ரூபாய் காணாமல் போகும்.

ஆகவே சேர்க்கை நாளன்றே புதிய தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்: பிள்ளையின் பெயர், என்.எம்.எம்.எஸ். பதிவெண், தேர்ச்சிப் பட்டியலின் நகல். எட்டாம் வகுப்பு இறுதி மதிப்பெண் பட்டியலையும் சேருங்கள். உதவித்தொகை உறுதியாக எட்டாம் வகுப்பிலும் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50. எட்டாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சிதானே என்று ஆண்டுத் தேர்வை அலட்சியம் செய்யும் வெற்றியாளர்கள் இங்கே மாட்டுகிறார்கள்.

புதிய பள்ளி அரசு, அரசு உதவிபெறும் அல்லது உள்ளாட்சிப் பள்ளியாக இருக்க வேண்டும். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாற்றினால் உதவித்தொகை போய்விடும்.

10. தேசிய உதவித்தொகை இணையதளம்

தேர்வில் வென்றதும் பணம் தானாக வரும் என்பதே எல்லாப் பிழைகளிலும் பெரியது. ஒன்பதாம் வகுப்பில், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் ஓ.டி.ஆர். எனப்படும் ஒருமுறைப் பதிவு. ஆதார் எண், கைபேசி எண் கொடுத்து, கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டி உறுதிசெய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். அதை வீட்டுச் சுவரில்கூட எழுதிவையுங்கள். பள்ளி முடியும்வரை இது ஒன்றுதான். மறந்துவிட்டு இரண்டாவது பதிவு போடப் போனால் சிக்கல் கூடும்.

அடுத்து ‘புதிய விண்ணப்பம்’. பள்ளியைத் தேடும்போது ஒரே பெயரில் பல பள்ளிகள் வரும். ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய 11 இலக்க யுடைஸ் எண்ணைப் பள்ளியில் கேட்டு வாங்கி அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வேறு பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் உங்கள் தலைமையாசிரியரின் கண்ணுக்கே தெரியாது.

பிறகு இரண்டு நிலைச் சரிபார்ப்பு: பள்ளி அளவில் ஒன்று, மாவட்ட அளவில் ஒன்று. பிழை இருந்தால் விண்ணப்பம் திருத்தத்துக்காகத் திரும்பி வரும், அதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். பள்ளிச் சரிபார்ப்பு முடிந்ததா என்று தலைமையாசிரியரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

மத்திய அரசின் இரண்டு உதவித்தொகைகளை ஒரே ஆண்டில் பெற முடியாது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஒன்பது, பத்தாம் வகுப்பில் பி.எம். யசஸ்வி திட்டத்தில் 4,000 ரூபாய் கிடைக்கும். வருமான வரம்பு 2,50,000. என்.எம்.எம்.எஸ். வென்ற பிள்ளைக்குப் பள்ளியில் வழக்கம்போல இதையும் பதிந்துவிட்டால் 12,000 சிக்கலில் மாட்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

11. ஆண்டுதோறும் புதுப்பித்தல்

பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஒவ்வொன்றிலும் ‘புதுப்பித்தல்’ விண்ணப்பம் போட வேண்டும். இந்த முறை ‘புதிய விண்ணப்பம்’ என்பதை அழுத்தக்கூடாது. ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 55.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நல்ல மதிப்பெண்ணைக் காட்டித் தனியார் பள்ளிகள் அழைக்கும். கட்டணச் சலுகை என்பார்கள். அரசுப் பள்ளியை விட்டால் என்.எம்.எம்.எஸ். போகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான மருத்துவப் படிப்பு 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் கையைவிட்டுப் போகும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

12. தேர்வு இல்லாமல் கிடைப்பவை

மீனவர் நல வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. உறுப்பினர் அட்டை நடப்பில் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்வோர் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் உதவி இருக்கிறது.

இன்ஸ்பையர் மானக் விருது இன்னொன்று. பள்ளி, மாணவர்களின் அறிவியல் யோசனைகளில் ஐந்து வரை இணையத்தில் பரிந்துரைக்கலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். கடையில் விற்கும் செய்முறைப் பெட்டியை யோசனை என்று அனுப்பாதீர்கள். மழையில் நனையாமல் பாசி உலர்த்துவது, கருவாட்டில் மணல் ஒட்டாமல் காப்பது என்று பிள்ளை தினமும் பார்க்கும் தொல்லையிலிருந்து பிறந்த யோசனைக்கு மதிப்பு அதிகம்.

13. பணம் வரவில்லை என்றால்

வங்கிக்கு ஓடுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் இரண்டு நிலையும் தாண்டியதா? தாண்டாவிட்டால் பள்ளிக்குப் போங்கள். தாண்டியிருந்தால், அரசு அனுப்பும் பணத்தின் நிலையைக் காட்டும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பணம் அனுப்பப்பட்டதா? அனுப்பித் திரும்பியிருந்தால் காரணம் அநேகமாக ஆதார் சீடிங். வங்கியில் மறுபடி செய்யுங்கள். அனுப்பப்பட்டிருந்தால் எந்த வங்கி என்று பாருங்கள், நீங்கள் மறந்துபோன கணக்காக இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், ஓ.டி.ஆர். எண், விண்ணப்ப எண், நிலைப்பக்கத்தின் அச்சுப்படி, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலையும் ஒப்புகையையும் இணைத்துக் கொடுங்கள். ஒப்புகை எண் இல்லாத மனு எங்கே போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.